தாய் தகப்பன் தெரியாத மெட்டு

நல்ல மெட்டு ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்ற இசையமைப்பாளர்கள் நண்பர்களுக்குப் போன் போடுவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள். எங்கேயோ மேடம் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "இதை எங்கேயோ கேட்டிருக்கேனே" என்பாள். ஸ்டுடியோவில் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் எங்கேயோ. அவளுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவாள்.

சந்தேகம் சும்மா வந்துவிடவில்லை. இருபத்தாறு வயதில் அவளுக்கு முதல் சினிமா கிடைத்தது. படத்தை வெட்டி ஒட்டும்போது காட்சிகள் மொட்டையாகத் தெரியாமல் இருக்க யாருடைய பாட்டையாவது தற்காலிகமாகப் போட்டு வைப்பார்கள். அந்த டைரக்டரும் ஏதோ ஒரு தேசத்துப் பாட்டைப் போட்டு வைத்திருந்தார். "இதே மாதிரி வேணும், ஆனா இதுவா இருக்கக் கூடாது" என்றார். அவளும் அந்தக் காட்சியை நாற்பது தடவை பார்த்து, சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டாள். சொந்தம் என்றுதான் நினைத்தாள். படம் வந்த நான்காம் நாள், யாரோ ஒரு வேலையற்ற புண்ணியவான் இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊருக்கே போட்டுக் காட்டிவிட்டான். இரண்டும் அச்சு அசல் ஒன்று. டைரக்டர் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். திருடி என்ற பேர் இவளுக்கு நின்றுவிட்டது. அவள் திருடவில்லை. காதுக்குள் போனது வாய்வழியாக வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இதை யாரிடம் போய் விளக்குவது? சினிமாவிலிருந்து அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

அப்போதுதான் கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர், ஆனால் சுருதிக்கும் சுத்தியலுக்கும் வித்தியாசம் தெரியாது. "சினிமா இல்லேன்னா என்ன, பாட்டு எல்லா இடத்துலயும்தான் வேணும். நாங்க மாட்டுற லிஃப்ட்லகூட பாட்டு வைக்கறாங்க" என்று ஆறுதல் சொன்னார். லிஃப்ட் பாட்டு அளவுக்கு இறங்கிவிட்டோமா என்று அவள் அன்று முழுக்க அழுதாள். பாவம், அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

மறு மாதமே செருப்புக் கடைக்கு மாடியில் இரண்டே அறையில் நடந்த ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதலாளி முதல் நாளே சொன்னார்: "ஆடறவங்க ஒரே இடத்துல நின்னு யோசிச்சுக்கிட்டே இருப்பாங்க. பாட்டு முடிஞ்சா அவங்களும் எழுந்து போயிடுவாங்க. அதனால பாட்டு முடியவே கூடாது." முடிவில்லாத பாட்டுப் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. வாலைக் கொண்டுபோய்த் தலையோடு ஒட்ட வேண்டும், ஒட்டிய இடம் தெரியவும் கூடாது. படகுத்துறையில் பயணிகள் படகுக்குக் காத்திருக்கும் ஒரு காட்சிக்காக இருபது விநாடி மெட்டு ஒன்றை இரண்டு மாதம் போட்டு இழைத்தாள். வீட்டிலும் அதே வேலை. அட்டை மாதிரி மெல்லிய சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கணவர். விளைவு, மனிதருக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மனப்பாடம் ஆனதில் அவளுக்கு வருத்தமில்லை, தப்பாக ஆனதில்தான் வருத்தம். காலையில் பல் தேய்த்துக்கொண்டே முணுமுணுப்பார். நாலாவது ஸ்வரம் துள்ளி மேலே ஏற வேண்டிய இடத்தில் பொத்தென்று கீழே இறங்கி, அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவார். "தப்பு! மேலே போகணும்!" என்று அவள் சமையலறையிலிருந்து கத்துவாள். "சரிம்மா" என்பார். மறுநாள் அதே பொத். ஒரு வருஷம் திருத்திப் பார்த்துவிட்டு, கல்லில் நார் உரிக்க முடியாது என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த முணுமுணுப்பு அவள் காதில் விழுவதே நின்றுபோயிற்று. வீட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தம் யார் காதில் விழுகிறது?

கேம் கம்பெனியில் ஏழு வருஷம். அப்புறம் பாப் பாட்டு. பழைய மெத்தைகளைச் சுவரெல்லாம் சாய்த்து வைத்த ஓர் அறையில், சின்ன வயசுப் பாடகிகளுக்கும் பாடகர்களுக்கும் பாட்டைத் தயாரித்துக் கொடுத்தாள். அங்கே சட்டம் நேர் எதிர். முதல் பதினைந்து விநாடிக்குள் ஆள் சிக்கவில்லை என்றால் கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். அதிலும் கெட்டிக்காரி ஆனாள். அவள் தயாரித்த மூன்று பாட்டுகள் டாக்ஸியில், சலூனில், பல் டாக்டர் வரவேற்பறையில் எல்லாம் ஓடின. ஆனாலும் ஒவ்வொரு பாட்டும் வெளியே போவதற்கு முன் நாலு பேரிடம் போட்டுக் காட்டி, "எங்கேயாவது கேட்டிருக்கீங்களா?" என்று விசாரிக்காமல் விடமாட்டாள். "தாய் தகப்பன் தெரியாத மெட்டு என் ரூமை விட்டு வெளியே போகாது" என்பது அவள் வைத்திருந்த சட்டம்.

இப்படி இருக்கும்போது, பதின்மூன்று வருஷம் கழித்து, சினிமாவிலிருந்து மறுபடியும் போன் வந்தது. டைரக்டர் ஒரு பெண். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். பழைய கதையை அவரே எடுத்தார்.

"உங்க பழைய விவகாரம் தெரியும். எனக்கு அதைப் பத்திக் கவலை இல்லை. ஆனா இன்னொரு தடவை ஆச்சுன்னா உங்களோட சேர்ந்து நானும் போயிடுவேன். பார்த்துக்குங்க" என்றார்.

"ஆகாது" என்றாள் மேடம்.

காட்சி எளிமையானது. தூங்க மறுக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அப்பா வீட்டுக்குள் நடக்கிறார். மூன்று நிமிஷம் நடந்துகொண்டே இருக்கிறார். மேடம் ஒரு வாரம் தலைகீழாக நின்றும் ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நாலாவது சட்டைக்கும் ஐந்தாவது சட்டைக்கும் நடுவில் முழு மெட்டும் வந்து நின்றது. மெதுவாக ஏறி, ஏறப்போகிற இடத்தில் ஏறாமல் கீழே இறங்கி, அங்கே கொஞ்சம் தங்கி, பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிற மெட்டு. டைரக்டர் கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த இறங்கற இடம்... அதைத் தொட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மேடத்துக்கு அன்றிலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை. இரண்டு சட்டை மடிக்கிற நேரத்தில் இவ்வளவு நல்ல மெட்டு யாருக்கும் சும்மா வராது. எங்கேயோ கேட்டதுதான், சத்தியமாக எங்கேயோ கேட்டதுதான்.

சவுண்ட் இன்ஜினியர் மீசையிடம் கேட்டாள். (மீசையை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது, பேரை எடுக்க முடியவில்லை.) அவர் தன்னிடமிருந்த பாட்டுகளையெல்லாம் குடைந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பாட்டைக் கேட்டுப் பேர் சொல்கிற செயலிகள் மூன்றும் தெரியாது என்றன. வயலின் குழுவின் தலைவர் நாற்பது வருஷம் வாசித்தவர், அவரை வரவழைத்துப் போட்டுக் காட்டினாள். "புதுசாத்தான் இருக்கு மேடம், நிம்மதியா இருங்க" என்றார். கடைசியாகத் தங்கைக்குப் போன் போட்டு முனகிக் காட்டினாள்.

"கேட்டிருக்கேன்" என்றாள் தங்கை.

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கே? எங்கே கேட்டே?"

"உன் வீட்டிலதான். உன் வீட்டுக்கு வந்தா எதையாவது போட்டுத் தேய்ச்சுக்கிட்டேதானே இருப்பே! எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேட்குது அக்கா. போனை வை, பால் பொங்குது."

கணவரிடம் மட்டும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஒலிப்பதிவு வியாழக்கிழமை பத்து மணிக்கு. அதற்குள் மெட்டின் தாய் தகப்பன் தெரியாவிட்டால் அதைக் கொடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்து, உப்புச் சப்பில்லாமல் இன்னொரு மெட்டும் போட்டு வைத்தாள். டைரக்டர் அதைக் கேட்டுவிட்டு, "இதுதான்னா அந்தக் காட்சியையே தூக்கிடறேன்" என்றார். காட்சி போனால் படத்தில் இவளுக்கு வேலையே இல்லை. அப்படியே ஆனாலும் ஆகட்டும், இரண்டாம் தடவை திருடி என்று பேர் வாங்க அவளுக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை காலை லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. ஸ்டுடியோ நாலாவது மாடியில். பன்னிரண்டு வயலின்காரர்கள் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். ஆள் உயர வாத்தியத்தைச் சுமந்து வந்த செல்லோக்காரர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மேடம் உப்புச் சப்பில்லாத மெட்டின் தாள்களைக் கையில் எடுத்தாள். அப்போது குழுத் தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"மேடம், அன்னிக்கு எனக்குப் போட்டுக் காட்டினீங்களே, அந்தப் பாட்டு அதுக்குள்ள வெளியே வந்துடுச்சா?"

"ஏன்?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் அதைத்தான் பாடிக்கிட்டு இருக்கார்."

அவள் கையிலிருந்த தாள்கள் பறந்தன. ஆக, ஊருக்கே தெரிந்த பாட்டு! லிஃப்ட் மெக்கானிக் வரைக்கும் தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை. பாடுகிறவரைப் பிடித்து, எந்தப் படம், யார் பாட்டு என்று கேட்டுவிட வேண்டும் என்று படியில் ஓடினாள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அந்த மெட்டு வந்துகொண்டிருந்தது. ஏறி, ஏறப்போகிற இடத்தில் பொத்தென்று இறங்கி, கொஞ்சம் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து.

அந்தப் பொத் அவளுக்குத் தெரியும். அந்தத் தொண்டையும் தெரியும்.

"ஏங்க!" என்று கத்தினாள்.

பாட்டு நின்றது. நின்ற மறு நொடி உச்சி மாடியிலிருந்து ஒரு குரல் அலறியது: "அண்ணே! என்னாச்சு? இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்! மோட்டாரைத் தொட்டுடாதே! வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க" என்று கீழேயிருந்து பதில் போனது. பிறகு ஹெல்மெட் ஒன்று மேலே வந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே, முகமெல்லாம் கிரீஸோடு அவள் கணவர். "நீ எங்கே இங்கே? ஓ, இதுதான் உன் ஸ்டுடியோவா? கம்பெனியில வெறும் கதவு நம்பரைத்தான் கொடுத்தாங்க."

"அது என்ன பாட்டு?"

"எது?"

"இப்போ பாடினீங்களே!"

"உன் பாட்டுதானே. படகுக்கு நிக்கறப்போ வருமே, அது." திருட்டில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார். "வீட்டிலதானே தப்பாப் பாடக் கூடாதுன்னே. இங்கே வேற வழியில்லைம்மா. கீழே ஆள் இருக்கான்னு மேலே மோட்டார்கிட்ட நிக்கறவனுக்குத் தெரியணும். சத்தம் நின்னா ஆள் வெளியே வந்துட்டான்னு நினைச்சு ஓட்டிடுவான். புதுப் பசங்ககூட என் சத்தத்தை வெச்சுத்தான் கணக்கு."

"அதுக்கு என் பாட்டுதான் கிடைச்சுதா?"

"மத்த பாட்டெல்லாம் முடிஞ்சு போயிடுதே. ஒரு தடவை சினிமாப் பாட்டு ஒண்ணைப் பாடி முடிச்சேன், அவன் மோட்டாரைப் போட்டுட்டான். நல்லவேளை, ஒரு ஷூவோட போச்சு. உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னு சொல்லலை. அப்புறம்தான் யோசிச்சேன், உன் பாட்டு மட்டும்தான் முடியவே முடியாது. பன்னிரண்டு பதிமூணு வருஷமா அதைப் பாடிக்கிட்டுத்தான் வேலை முடிச்சு மேலே வர்றேன்."

அவள் வாயில் வந்தது இதுதான்: "நாலாவது ஸ்வரம் மேலே போகணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"குனிஞ்சு வேலை பார்க்கறப்போ மேலே மூச்சு எட்டலைம்மா. அதான் கீழே இறங்கி, ஒரு மூச்சு வாங்கிட்டுப் போறேன். வேணும்னா நாளையிலேர்ந்து..."

"மாத்தினீங்க, கொன்னுடுவேன்" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நடு மாடியில், பின்னாலேயே இறங்கி வந்த வயலின்காரர்கள் எல்லாருக்கும் முன்னால், கிரீஸைப் பற்றி யோசிக்காமல் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சேலை, சேலை" என்று பதறினார்.

பாதி மெட்டு கேம் கம்பெனிக்குச் சொந்தம் என்பதால் பழைய முதலாளிக்குப் போன் போட்டு அனுமதி கேட்டாள். "உங்க மெட்டை நீங்களே திருடினதுக்கு என்கிட்ட எதுக்குங்க அனுமதி?" என்று அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, பத்து நிமிஷத்தில் எழுத்திலும் அனுப்பிவைத்தார். மீசை முதலில் போட்ட மெட்டின் தாள்களைத் தேடி எடுத்து வந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

லிஃப்ட் ஓட ஆரம்பித்த பிறகு கணவரைக் கூட்டி வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தாள். சோபாவில் கறை படும் என்று அவர் விளிம்பிலேயே உட்கார்ந்தார். பன்னிரண்டு வயலினும் சேர்ந்து ஏறின, ஏறப்போகிற இடத்தில் இறங்கின, அங்கே தங்கி ஒரு மூச்சு வாங்கின. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் மட்டும் நெற்றியைச் சுருக்கி, மனைவியின் காதருகே குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

"நாலாவது ஸ்வரம் தப்பு வாசிக்கறாங்களே. சொல்ல மாட்டியா?"

படத்தில் மெட்டு என்ற இடத்தில் தன் பேரோடு கணவர் பேரையும் போட வேண்டும் என்று மேடம் ஒற்றைக்காலில் நின்றாள். டைரக்டர் உடனே சரி என்றுவிட்டார், கணவர்தான் கம்பெனியில் கேள்வி கேட்பார்கள் என்று ஒரு வாரம் முரண்டு பிடித்தார். படம் வந்தது. நாலாம் நாள் வந்தது, ஐந்தாம் நாளும் வந்தது. யாரும் எதையும் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டவில்லை. மேடம் பதின்மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள் என்று கணவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போதும் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டே முணுமுணுக்கிறார். அவள் பக்கத்து அறையில் அடுத்த படத்துக்கு வேலை செய்துகொண்டிருப்பாள், காதில் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருப்பாள். முணுமுணுப்பு நடுவில் நின்றுவிட்டால் அவள் கையும் அப்படியே நின்றுவிடும்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா, வாய் கொப்பளிக்கறேன்."

"சரி, பாடுங்க" என்பாள்.