நோக்கம்: ஒன்றுமில்லை

மீரா முகைதீன் நானாவுக்கு வட்டி என்றால் அருவருப்பு. சோற்றில் கிடக்கும் மயிரைப் பார்ப்பது போலத்தான் வங்கிப் புத்தகத்தில் வட்டி ஏறிய வரியைப் பார்ப்பார். பாலாவிச் சந்தியில் வங்கிக்கு எதிரே போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அந்த மனிதருடைய படிவங்களையெல்லாம் நிரப்பிக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அவரைப் போல நேர்மையான ஆளையும் நான் கண்டதில்லை, அவரைப் போலப் பிழைக்கத் தெரியாத ஆளையும் கண்டதில்லை.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து புலிகளால் துரத்தப்பட்டு, உடுத்த சாரத்தோடு வள்ளமேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர். பிறகு பாலாவி உப்பளத்தில் மூடைகளின் வாய் தைக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் உப்பு வெடித்து, குளிர் காலத்தில்கூட ஆறாது. ஹிஸ்புல்லா ஹாஜியார் தன் தென்னங்காணியின் ஒரு மூலையைக் காட்டி, சண்டை முடியும்வரை இங்கே இருங்கள் என்றார். நானாவும் மனைவி மஹ்மூதாவும் அங்கே கொட்டில் போட்டார்கள். சண்டை முடிந்தது. மன்னார் வளவு காடாகிப் போயிருந்தது, அதன் உறுதிப் பத்திரமும் ஓடி வந்த அவசரத்தில் தொலைந்திருந்தது. கொட்டில் கல்வீடானது. மகள் றிஸ்மியா அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் கலியாணம் முடித்தாள். புருசன் விட்டுவிட்டுப் போனதும், மூன்று வயதுப் பிள்ளை ஸம்ஹாவை உம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதும் அந்த வீட்டிலிருந்துதான். மண் மட்டும் ஹாஜியாருடையது.

போன வருடத் தொடக்கத்தில் ஹாஜியார் கூப்பிட்டனுப்பினார். அவருடைய பிள்ளைகள் கொழும்பில். காணி முழுவதையும் ஹோட்டல் கட்டுகிற ஒருவருக்கு விற்க நிற்கிறார்கள். "உன்ட வீடிரிக்கிற பத்துப் பேர்ச் நிலத்தயும் நான் உனக்குப் பிரிச்சுத் தாறன், மீரா முகைதீன். பெருநாள் கழிஞ்ச கிழமை நொத்தாரிசிட்ட காசக் கட்டிரு. அதுக்குப் பொறகு புள்ளைகள என்னால புடிக்கேலா" என்றார். ஹாஜியாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

காசு இருந்தது. பத்து வருடமாகப் பிறத்தியார் வீட்டுக் கழிப்பறையைக் கழுவி றிஸ்மியா சேர்த்த காசு, பத்துப் பேர்ச்சுக்குச் சரியாக இருந்தது. உறுதி கையில் வந்த மாதமே அவள் ஊருக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. ஸம்ஹா பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஆனால் காசு வங்கியில் இருந்தது. அதுதான் வினை.

முதலில் அவளும் எல்லோரையும் போல உண்டியலில்தான் அனுப்பினாள். குவைத்தில் ஒரு கடையில் தினாரைக் கொடுத்தால், இங்கே அன்று பின்னேரமே ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போவான். சட்டவிரோதம்தான், ஆனால் ரூபாய் கூடக் கிடைக்கும். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு வங்குரோத்தாகி, டொலரை வங்கி வழியாக அனுப்புங்கள் என்று கெஞ்சினார்களே, அதை எங்கள் பக்கத்தில் நம்பிய ஒரே ஆள் மீரா முகைதீன் நானாதான் என்று நினைக்கிறேன். "எல்லாரும் உண்டியல்ல அனுப்பினா ஆஸ்பத்திரிக்கு மருந்து எப்புடி வாற?" என்று மகளுக்குக் கட்டளை போட்டார். அடுத்த வீட்டுக்காரன் உண்டியலில் கிடைத்த மேலதிகக் காசில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினான். நானா அந்த வித்தியாசத்தை நாட்டுக்கு விட்டுக்கொடுத்தார்.

வங்கியில் காசு கிடந்தால் வட்டி குட்டி போடும். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். கணினியில் அப்படி ஒரு வழி இல்லை என்றார்கள். புத்தளம் டவுனில் வட்டியில்லாத கணக்கு இருக்கிறது, மாறுங்கள் என்று நானும் சொன்னேன். றிஸ்மியா வேலை செய்கிற மெடம் வீட்டுக்குப் பக்கத்தில் பணம் அனுப்புகிற கடைக்கு இந்த வங்கியோடு மட்டும்தான் தொடர்பு. வேறு கடை தேடி அலைய மெடம் விடமாட்டாள். மௌலவியிடம் கேட்டார். வட்டியை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், ஆனால் அல்லாஹ்விடம் அதற்கு நன்மையை எதிர்பார்க்காதீர்கள், அது உங்கள் பொருளே இல்லை என்றார் மௌலவி. மற்றவர்கள் அதோடு விட்டிருப்பார்கள். நானா அதிலும் ஒரு படி மேலே போனார். அந்தக் காசு தன் கையில் படக்கூடாது. வாங்குகிறவர் நன்றி சொல்லவும் கூடாது. நன்றியும் ஒரு கூலிதானாம். ஆகவே வருடா வருடம் சிலாபம் ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ்ஸிலும் விசாரித்து, முன்பின் தெரியாத கஷ்டப்பட்ட ஆட்களின் கணக்கிலக்கத்தை வாங்கி, வட்டியைப் பிரித்து நேரே அவர்களுக்குப் போடச் சொல்லுவார்.

இப்போது இதை வங்கியின் கண்ணால் பாருங்கள். வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. உப்பளக் கூலி ஒருவரின் கணக்கில் ஏறுகிறது. அங்கிருந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆட்களுக்குத் துண்டு துண்டாகப் போகிறது.

எங்கோ வெளிநாட்டில் மகாநாடு கூடுகிறவர்கள் நாடுகளுக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். கறுப்புப் பணத்தையும் குண்டு வைக்கிறவனுக்குப் போகும் பணத்தையும் தடுக்காத நாடு அந்தப் பட்டியலில் விழும். விழுந்தால் வெளிநாட்டு வங்கிகள் நம் வங்கிகளைக் கிட்ட எடுக்காது. நம் நாட்டைப் பரீட்சிக்க அவர்கள் வரப்போகிறார்கள் என்றதும், பரிசோதகர் வருகிற பள்ளிக்கூடம் மாதிரி எல்லா வங்கியும் துடைத்து மெழுகத் தொடங்கியது. கணினிக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தது. நல்ல விசயம்தான், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கோடிக்கணக்கில் கொண்டுபோய்த் தீவுகளில் ஒளிக்கிறவனுக்கு வக்கீல் இருக்கிறான், கணக்காளன் இருக்கிறான்; அவனுடைய படிவத்தில் ஒரு கட்டமும் வெறுமையாக இராது. வலையில் பெரிய மீன் கிழித்துக்கொண்டு போகும், கூனி இறால் கண்ணுக்குள்ளால் போகும். நடுவில் அகப்படுகிறது எங்கள் மாதிரி ஆட்கள்.

வங்கியில் பவுலினா என்றொரு பிள்ளை, கற்பிட்டிப் பக்கம், தங்கமான குணம். நோன்பு தொடங்க முந்தி நானாவைக் கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன்.

"அங்கிள், ஹெட் ஒபிஸ்ல இருந்து கேக்கிறாங்க. சிலாபத்துல ஒரு ஆளுக்கு, ஆனமடுவையில ஒரு சிங்கள நோனாக்கு, இன்னும் கொஞ்சப் பேருக்குக் காசு போட்டிருக்கிறீங்க. இவங்க உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையுமில்ல, புள்ள."

"தெரிஞ்சவங்களா?"

"தெரியாத ஆக்களாப் பாத்துத்தான் போட்டன்."

பவுலினா என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள். "நோக்கம் எண்ட கட்டத்துல தர்மம் எண்டு எழுதித் தாங்க அங்கிள். நான் மேல அனுப்பிவிடுறன்."

கடைக்கு வந்து பேனையை எடுத்தேன். பெயர், விலாசம், தொழில் எல்லாம் எழுதி நோக்கத்துக்கு வந்ததும் நானா என் கையைப் பிடித்தார்.

"தர்மம் எண்டு போடாத, அஸ்மி."

"ஏன் நானா?"

"வட்டியக் குடுத்துட்டுத் தர்மம் எண்டு எழுதினா, களவெடுத்த ஆட்டக் குர்பான் குடுத்த மாதிரி. அது என்ட காசில்ல. அல்லாஹ்ட்டப் பொய்க் கணக்குக் காட்டேலா."

"நானா, இவங்க கேக்கிறது மறுமைக் கணக்கில்ல. கம்பியூட்டர்ர கணக்கு."

"கேக்கிறது ஆராயிருந்தாலும் கையொப்பம் வைக்கிறது நான்தானே."

எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதினேன்: "நோக்கம்: ஒன்றுமில்லை. இந்தக் காசு எனக்குரியது அல்ல." கையொப்பம் வைத்தார். பவுலினா வாசித்துவிட்டு, அங்கிள், வேறு படிவம் தரவா என்று இரண்டு தரம் கேட்டாள். வேண்டாம் என்றார்.

அடுத்த கிழமை கணக்கை நிறுத்தினார்கள். வட்டியை மட்டுமல்ல, முழுவதையும்.

ஏன் என்று கேட்டால் பவுலினாவின் முகம் கறுக்கும். "அதச் சொல்றதுக்கு எங்களுக்கு உரிமை இல்ல அங்கிள். மேல பாக்கிறாங்க." எதைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்றும் சொல்லக்கூடாதாம். நானா றிஸ்மியாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் செய்தார், ஹாஜியாரிடம் கடிதம் வாங்கினார், மௌலவியிடமும் வாங்கினார். மௌலவியின் கடிதத்தைக் கண்டதும் இன்னும் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் நான் கொப்பி எடுத்தேன், காசு வாங்கவில்லை. கொழும்புக்கும் போனோம். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை, உங்கள் கிளையைத் தொடர்புகொள்ளுங்கள் என்றது.

நோன்பு முழுவதும் மஹ்மூதா ராத்தா என் கடை வாசலுக்கு வந்து போனார். "தம்பி, அந்த மனுசனுக்கு நீங்களாவது புத்தி செல்லுங்களேன். தர்மம் எண்டு ஒரு சொல்லுத்தானே" என்பார். நானாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.

பெருநாள் வந்தது, போனது. ஹாஜியார் ஒரு மாதம் தவணை வாங்கிக் கொடுத்தார். பிறகு பிள்ளைகள் ஹோட்டல்காரருக்குக் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஹாஜியார் வீட்டை விட்டே வெளியில் வரவில்லை. வெட்கம் என்று கேள்விப்பட்டேன். புல்டோசர் வந்த அன்று நானா யன்னல் கதவுகளையும் கூரைத் தகட்டையும் கழற்றி லொறியில் ஏற்றினார். ஸம்ஹா பூனையைத் தேடிக்கொண்டு நின்றாள். எனக்குப் பார்க்க முடியவில்லை, அழுதுவிட்டேன். பாலாவியில் லொறி திருத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுத்தார்கள். யன்னல் கதவுகளை வைக்க அங்கே இடமில்லை, என் கடைக்குப் பின்னால்தான் இன்னும் சாத்திக் கிடக்கின்றன.

வருடக் கடைசியில் கணக்கைத் திறந்தார்கள். ஒரு விளக்கமும் இல்லை, ஒரு மன்னிப்பும் இல்லை. ஹோட்டல் வந்ததில் சுற்று வட்டாரத்தில் காணி விலை இரண்டு மடங்காகியிருந்தது. அந்தக் காசுக்கு நல்ல தண்ணீருள்ள நிலம் நாலு பேர்ச்சும் வராது. றிஸ்மியா குரல் செய்தி அனுப்பினாள். "பரவால்ல வாப்பா. நான் இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சைன் பண்ணிட்டன். ஸம்ஹாட்ட இத நீங்களே செல்லுங்க, என்னால ஏலா." நானா அதை என் கடையில் வைத்துத்தான் கேட்டார்.

நிறுத்தி வைத்த மாதங்களுக்கெல்லாம் வட்டி போட்டிருந்தார்கள். அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

மறுநாள் நானா வந்தார். உச்சமுனையைச் சேர்ந்த ஸக்கியா என்ற பெண்ணின் கணக்கிலக்கம் கையில் இருந்தது. அவளுடைய பிள்ளை சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இப்போது படிவம் புதியது. அனுப்புகிறவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் நோக்கமும் பெறுகிறவருக்கும் போகும். வேண்டாமென்றால் அனுப்ப முடியாது. நான் எழுதிக்கொண்டு போய் நோக்கத்தில் நிறுத்தினேன். இந்த முறை என் கையைப் பிடிக்கவில்லை. பேனையை வாங்கினார். வெடித்த விரல்களால் அழுத்தி, பள்ளிப் பிள்ளை மாதிரி எழுதினார்: தர்மம்.

பவுலினா வாசித்தாள், முத்திரை குத்தினாள். "இப்பச் சரி அங்கிள்" என்றாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோசம். நாங்கள் வீதியைக் கடந்து கடைக்கு வந்து பிளேன்டீ குடித்து முடியவில்லை, நானாவின் போன் அடித்தது. அந்தப் பழைய போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும்.

"நானா, நான் உச்சமுனை ஸக்கியா. பேங்கால மெசேஜ் வந்திச்சு. மீரா முகைதீன், தர்மம் எண்டு இரிக்கி. ஆர் எவரெண்டே தெரியாத எனக்கு நீங்க குடுத்திரிக்கிறீங்க." அழுகிறாள் என்று தெரிந்தது. "இந்தத் தர்மத்துக்குப் பதிலா அல்லாஹ் உங்களுக்குச் சுவர்க்கத்துல ஒரு வீட்டக் கட்டித் தரணும். ஆமீன் செல்லுங்க, நானா."

நானா என்னைப் பார்த்தார்.

"ஆமீன் செல்லுங்க, நானா" என்றாள் மறுபடியும்.

அவர் போனை என் மேசையில் கவிழ்த்து வைத்தார். அவள் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள்.