செல்வி துணைக்கு வந்த கிளினிக் நாட்கள்

மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு செல்வியோடு கிளினிக் போன நாட்களை இப்போதும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன். காரணமில்லாத பயத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் மருந்து எடுத்துவந்தேன். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் சொல்வதை, பக்கத்து வீட்டுச் செல்வி சிங்களத்தில் சொல்வாள். திரும்பும்போது பஸ் நிலையத்தில் ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கித் தருவாள். "அழுத வாய்க்கு இது வேணும்டி," என்பாள்.

செல்வி மகளோடு கொழும்புக்குப் போய்விட்டாள். அதன்பின் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஊழியர் ஒருவர் கிளினிக்கில் மொழிபெயர்த்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் என் பயம் எங்கள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடுமோ என்று, "தூக்கம் வரலைங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். டொக்டரும் தூக்கத்தைப் பற்றியே கேட்டார். இதனால் பயனில்லை என்று போவதையே விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் பஸ்ஸில், பசறைக்குச் சற்று முன்னால், மூச்சு முட்டிக் கைகள் மரத்தன. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். இறங்கி ஒரு கடை வாசலில் உட்கார்ந்து செல்விக்குப் போன் செய்தேன். மூச்சு சீராகும்வரை பேசிக்கொண்டிருந்தாள். கிளினிக் போவதை விட்டதையும் அதன் காரணத்தையும் சொன்னதும், "ஏன்டி, போன்ல நான் பேசுனா டொக்டருக்குக் காது கேக்காதா?" என்றாள்.

இப்போது டொக்டரின் சம்மதத்தோடு போனை மேசையில் வைக்கிறேன். செல்வி கொழும்பிலிருந்து மொழிபெயர்க்கிறாள். இனி கிளினிக் வரவேண்டாம் என்று எனக்குத் தோன்றினால், அதையும் டொக்டரிடமே சொல்கிறேன்.

கடைசியில், "ரோல்ஸ் சாப்புட்டியாடி?" என்று கேட்பாள். சாப்பிட்ட பிறகே பஸ் ஏறுகிறேன்.