நிலாவை மூச்சுப் பிடிக்கச் சொன்னவர்

“மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க” என்று நிலாவுக்கு உத்தரவு போட்டுவிட்டு, எக்ஸ்ரேக்காரர் பால்கனியிலிருந்து உள்ளே ஓடி வந்து, கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று பொத்தானை அழுத்துவார். தொலைநோக்கியில் மாட்டிய கேமரா ‘க்ளிக்’ என்னும். “ம், விடலாம்” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். நிலாவிலிருந்து எந்தக் கதிரும் அவர்மேல் பாயப்போவதில்லை. ஆனால் இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு அறுபது தடவை சுவருக்குப் பின்னால் ஓடிய கால்களுக்கு அது எப்படித் தெரியும்?

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில் அவருக்கு வேலை. முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. தெருவில் எதிரே வருகிறவரை உற்றுப் பார்த்து, “நீங்க அந்த ஏழாவது விலா எலும்பு விரிசல்தானே?” என்று விசாரிப்பார். குடும்பத்தோடு படம் எடுக்க நின்றால், “செயின், கம்மல், பெல்ட்டு எல்லாத்தையும் கழட்டி வெச்சிடுங்க” என்று தொடங்கிவிடுவார். மருத்துவமனை கழித்துப்போட்ட, கதிர் தடுக்கும் ஈய அங்கி ஒன்றை வாங்கி வந்து தொலைநோக்கியின் முக்காலியில் தொங்கவிட்டிருக்கிறார், காற்றில் ஆடாமல் இருக்க. துணி காயப்போட வரும் மனைவி தினமும் அதில் ஒருமுறை இடித்துக்கொண்டு, “இந்தப் போர்வீரனை எப்ப வீட்டை விட்டு அனுப்பப் போறீங்க?” என்பார்.

அவருக்கு நிலாக் கிறுக்கு பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் உலகத்தில் முதலில் பார்க்கிற கண் அவருடையதுதான். ஆனால் சொல்லக் கூடாது. “என்ன சார் இருக்கு?” என்று படுத்தபடியே கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். “டாக்டர் சொல்வாருங்க” என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரிடம், “பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல” என்று வாயை விட்டு, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து அந்த இரண்டு சொற்கள்தான். படத்தைப் போட்டுக் கொடுக்கும் பழுப்பு உறையின் அடியில் ‘பார்த்துச் சொன்னவர்: மருத்துவர்’ என்று அச்சிட்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டின்மேல் அவர் பேனா ஒருநாளும் பட்டதில்லை. மனிதருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

“நிலாவுக்கு டாக்டர் கிடையாதும்மா. எடுக்கறதும் நான், பாத்துச் சொல்றதும் நான்” என்று மனைவியிடம் சொல்லித்தான் தொலைநோக்கியை வாங்கினார்.

போன மாதம் ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்த அரை நிலாப் படத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நிலாவின் விளிம்பைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் விளிம்பை ஒட்டி ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டையை எத்தனை ஆயிரம் நெஞ்சுகளில் தேடிய கண்!

“காத்தும்மா! நிலாவுல காத்து இருக்கு!”

மனைவி தெருமுனையில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். “உங்க படத்துல காத்து கறுப்பாத் தெரியும்னு சொல்வீங்க. இது வெளுப்பா இருக்கே?”

“அது உள்காத்து. இது வெளிக்காத்து.”

“படத்தைக் கூராக்கற ஷார்ப்பைக் கடைசி வரைக்கும் இழுத்து வெச்சிருக்கீங்களே. அப்படி வெச்சா விளிம்புல கோடு விழத்தாங்க செய்யும். என் கடைக்கு வர்ற ஒவ்வொரு தலைக்கும் விழுது.”

“அது மனுஷத் தலை” என்று எக்ஸ்ரேக்காரர் அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வானம் பார்ப்போர் சங்கத்துக்குப் போய் விஷயத்தை உடைத்தார். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் படத்தை வாங்கிப் பார்த்து, கடைவாய்ப் பல்லில் சொத்தை தேடுவது போலக் கண்ணை இடுக்கி, “இருக்கலாம்” என்றார். மறுநாளே நூலகக் கூடத்தின் வாசலில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது: ‘ஞாயிறு மாலை ஐந்து மணி. நிலவில் காற்று. படங்களுடன்.’ கீழே எக்ஸ்ரேக்காரரின் பெயர் கொட்டை எழுத்தில். அவர் பெயர் அச்சில் வருவது அதுவே முதல் தடவை. வேலைக்குப் போகும் வழியில் அதைப் பார்ப்பதற்காகவே ஒரு வாரம் இரண்டு தெரு சுற்றிப் போனார்.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். பெரிய உடம்பு, அதற்குமேல் ஒரு முடிகூட இல்லாத பெரிய தலை.

“மாப்ளே, அங்க காத்து இருந்தா, போனவங்க ஏன் முதுகுல சிலிண்டர் தூக்கிட்டுப் போனாங்க?”

“ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னு.”

மனைவி அண்ணனின் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அண்ணா, எதிர்க் கட்டடத்து மொட்டை மாடிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?” என்று கேட்டார்.

மறுநாள் மாலை, எதிர்க் கட்டடத்தின் லிஃப்ட் அறைக்குப் பக்கத்தில் கறுப்புத் தார்ப்பாய் ஒன்று கட்டப்பட்டது. அதற்கு முன்னால், கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை மட்டும் தெரிய மச்சான் குந்தினார். ஒரு பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சம்.

“அண்ணா, டார்ச்சை இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்க. பாதித் தலைக்குத்தான் வெளிச்சம் வேணும்” என்று மனைவி பால்கனியிலிருந்து தொலைபேசியில் சொன்னார். எக்ஸ்ரேக்காரர் அதைப் பிடுங்கி, “மூச்சை இழுங்க மச்சான்... பிடிங்க... அசையாதீங்க” என்றார். கதவுக்குப் பின்னால் ஓடினார். க்ளிக்.

படம் வந்த ஆர்வத்தில் இருவரும் கணினிக்கு ஓடிவிட்டார்கள். நெடுநேரம் கழித்துத் தொலைபேசியில் ஈனக்குரல் ஒன்று கேட்டது: “மாப்ளே... விடலாமா?”

மச்சான் தலை அற்புதமாக வந்திருந்தது. பளபளவென்று, ஆங்காங்கே பள்ளங்களோடு. ஷார்ப்பைக் கடைசி வரை இழுத்ததும் சுற்றிலும் அதே மெல்லிய சாம்பல் கோடு.

“வேர்வை ஆவியா இருக்குமோ?” என்றார் எக்ஸ்ரேக்காரர். குரலில் சுரத்தில்லை.

மனைவி ஷார்ப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மச்சானைச் சுற்றியிருந்த கோடு போய்விட்டது. நிலாப் படத்தைத் திறந்து அதையே செய்தார். நிலாவைச் சுற்றியிருந்ததும் போய்விட்டது. கன்னங்கரிய வானத்தில் கத்தரித்து ஒட்டியது மாதிரி நின்றது நிலா. எக்ஸ்ரேக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு படத்தைத் தானாகப் பார்த்துச் சொன்னார், அதுவும் தப்பு. பார்க்கவே பாவமாக இருந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்த மச்சானுக்கே மனசு கேட்கவில்லை. “வயித்துக் கோளாறுன்னு சொல்லிடலாம் மாப்ளே. நானே போய்ச் சொல்றேன்.” அன்றைக்கு எக்ஸ்ரேக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டிலிருந்த ரொட்டியின் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கூடத்தில் பத்தொன்பது பேர். எக்ஸ்ரேக்காரர் வந்தார், கையில் ஒரு பழுப்பு உறையோடு. முதல் படத்தைத் திரையில் போட்டதும் கைதட்டல். இரண்டாவது படத்தைப் போட்டார்.

“இது எந்தக் கிரகம்?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“இது எங்க மச்சான்.”

பின்வரிசையிலிருந்து மச்சான் எழுந்து எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சிரிப்பு அடங்க நேரமானது. எக்ஸ்ரேக்காரர் இரண்டு படத்திலும் கோட்டை வரவழைத்தார், போக்கினார், மறுபடி வரவழைத்தார். கணினி போட்ட கோட்டைத் தான் காற்று என்று நினைத்ததை ஒளிக்காமல் சொன்னார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

“அப்ப முடிவா என்ன சொல்றீங்க? நிலாவுல காத்து இருக்கா, இல்லையா?” என்று யாரோ கேட்டார்கள்.

“டாக்டர்...” என்று பழக்கதோஷத்தில் வாய் தொடங்கிவிட்டது. அத்தனை தலைகளும் பல் டாக்டர் பக்கம் திரும்பின. அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, உறையில் எழுதித் தருவதற்காகக் கையை நீட்டினார்.

எக்ஸ்ரேக்காரர் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நான் பாத்துட்டேங்க. காத்து இருந்தாலும், என் படத்துல அது தெரியல” என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதையே உறையின்மேல் எழுதினார். பிறகு அடியில் அச்சிட்டிருந்த ‘மருத்துவர்’ என்ற சொல்லை ஒரே இழுப்பில் அடித்துவிட்டு, பக்கத்திலிருந்த கோட்டின்மேல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இனிஷியலோடு முழுக் கையெழுத்துப் போட்டார்.