ஆடிட்டர் அம்மாவின் கம்ப்யூட்டர்

கடையைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போவார். சந்தேகம் வந்துவிடும். திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். அதனால் அந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குத் தெருவில் 'ரெண்டு தடவை' என்று பெயர். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் இல்லை என்பார்கள். மடியில் ஒன்றுமே இல்லாமல் வழி நெடுகப் பயந்தவர் அவர்.

அவர் செய்யும் தொழிலும் அப்படி. ஊரார் வீட்டுக் கல்யாணப் படம், கம்பெனிக் கணக்கு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் குறிப்பு எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் அடங்கி அவர் கைக்கு வரும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நகல் எடுப்பார். நகலுக்கும் ஒரு நகல் எடுப்பார். சுத்தம் செய்வதிலும் தனி வழி. மற்றவர்கள் கடை வாசலிலேயே தூசியை ஊதி அனுப்பிவிடுவார்கள். இவர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய், சோப்புத் தண்ணீரில் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து மாட்டுவார். ஓ.எஸ். காசு கொடுத்து வாங்கியதுதான் என்பதற்கான எண், அதாவது கீ, அச்சிட்ட லைசென்ஸ் ஸ்டிக்கர் மூடியில்தான் இருக்கும்; அது நனையாமலிருக்க முதலில் அதன்மேல் டேப் ஒட்டிவிடுவார். இவ்வளவு பக்குவம் பாத்திரம் கழுவுவதில் காட்டினால் தேவலை என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம்.

அவருக்கு ஒரே மகள். கூட வேலை பார்க்கிற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, பையனுக்கும் அவளை. பையனுக்கு அப்பா இல்லை, அம்மா ஆடிட்டர். பிறத்தியார் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதுதான் அந்த அம்மாவுக்குச் சோறு போடுகிறது. பெண்ணைப் பார்த்தார், பேசினார், "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனார். மூன்று வாரமாகியும் யோசனை முடியவில்லை. மகள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. அதைப் பார்த்து மெக்கானிக்குக்கும் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து ஆடிட்டர் அம்மாவின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் தூசி தட்டுவதற்காகப் பையன் மூலம் இவரிடம் வந்துபோன அதே பெட்டிதான். "அம்மா சாயங்காலம் வந்து எடுத்துக்குவாங்க மாமா" என்று பையன் வைத்துவிட்டுப் போனான். 'மாமா' என்றது காதில் தேனாக விழுந்தாலும், இது ரிப்பேர் இல்லை, நமக்கு வைத்திருக்கிற பரீட்சை என்று மெக்கானிக்குக்குப் பட்டது.

நகல், நகலுக்கு நகல் எல்லாம் ஆயிற்று. டிஸ்கைத் துடைத்து ஓ.எஸ். போட்டார். மூடி ஸ்டிக்கரைப் பார்த்து லைசென்ஸ் கீயைத் தட்டினார். 'இந்த எண் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது' என்று திரையில் வந்தது. மறுபடி தட்டினார். அதே பதில். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, மூன்றாவது தடவையும் தட்டினார்.

உதவி மையத்துக்குப் போன் போட்டார். பாட்டு கேட்டுக் காது புளித்த பிறகு ஒரு பெண் வந்தாள். எண்ணைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சார், இது வேற ஒரு மெஷின்ல ஓடிட்டிருக்கு. உங்களுக்கு இந்தக் கீ எங்க கெடச்சுது?"

எங்க கெடச்சுதா! பஸ்ஸில் அடுத்தவன் பையில் கைவிட்டுப் பிடிபட்ட மாதிரி அவருக்கு உடம்பு வேர்த்தது. ஆடிட்டர் அம்மாவிடம் யாரோ திருட்டுச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ? அதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால், நல்ல கீயை இவர்தான் உருவி யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று நினைக்கமாட்டாரா? திருடன் வீட்டில் பெண் எடுப்பாரா?

"அண்ணே, இதுக்குப் போயா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தார். "இதுல திருட்டு ஓ.எஸ். ஒண்ணு இருக்கு. ஒரு சொடக்கு போடுற நேரம். கீயே கேக்காது. யாருக்குத் தெரியப் போவுது?"

மெக்கானிக் அதைக் கையில் எடுத்தார். எடுத்தார் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிறகு கீழே வைத்தார். பெரிய யோக்கியர் என்பதால் அல்ல, பயத்தால்தான். "அவங்க ஆடிட்டருப்பா" என்றார்.

பழக்கதோஷத்தில் பெட்டியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் கம்பெனிக்காரன் பொறித்த வரிசை எண் இருந்தது. மூடி ஸ்டிக்கரிலும் வரிசை எண் இருந்தது. இரண்டும் வேறு வேறு.

மனைவிக்குப் போன் பறந்தது. "அந்த ஆடிட்டரம்மா பெட்டி தூசி தட்ட வந்தப்ப மாடியில மூடிங்க காஞ்சிதே, யாரு எடுத்தது?"

"நான்தான். மழை வந்துச்சு, அள்ளிக்கிட்டு வந்தேன். ஏன்?"

"எத்தனை மூடி?"

"ரெண்டு. பல் டாக்டரோடது ஒண்ணு, அந்தம்மாவோடது ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி கறுப்பு. எது எதுன்னு நீங்கதானே பாத்து மாட்டணும்? மூடியில பேரா எழுதியிருந்துச்சு?"

டாக்டர் மூடி இங்கே, ஆடிட்டர் மூடி ஊரின் மறுகோடியில் பல் டாக்டரிடம். இவ்வளவு நேரம் தட்டியது டாக்டரின் கீ. வேறு யார் மேலும் பழி இல்லை, எல்லாம் தன் மேல்தான். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்த மனிதர் மூடியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! சத்தமில்லாமல் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். ஷட்டரைப் பாதி இறக்கினார். இறங்கிய ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள் வந்து நின்றன.

"கடைய மூடுறீங்களா? என் கம்ப்யூட்டர் ரெடியா?" என்று ஆடிட்டர் அம்மா குனிந்து உள்ளே வந்தார்.

திரையில் அந்த வரி இன்னும் அப்படியே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இந்த நம்பரை எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார்.

நெட்வொர்க் கோளாறு என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. பொய் சொல்லிக் கட்டுகிற கல்யாணத்தில் நாளைக்கு மகள்தானே வாழவேண்டும் என்று தோன்றிவிட்டது. சோப்புத் தண்ணீர், மொட்டைமாடி, மழை, பல் டாக்டர் என்று ஒன்றுவிடாமல் கொட்டினார். "தப்பு என்னோடதுதான் மேடம். என் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அவளை இதை வெச்சு எடை போட்றாதீங்க" என்றார்.

ஆடிட்டர் அம்மா மூடியைக் கழற்றி அவரே பார்த்தார், முதுகு எண்ணையும் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார். போச்சு, பையனிடம் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று மெக்கானிக் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், காரை எடுத்துக்கிட்டு கடைக்கு வா" என்றார் அந்த அம்மா. "பல் டாக்டர் கிளினிக்குக்குப் போகணும். ஆமா, இப்பவே. நானும்தான் வர்றேன், நான் பாக்காம எதையும் மாட்ட விடப்போறதில்ல. உங்க மாமாவுக்கு... அதான்டா, நம்ம சம்பந்திக்கு, மூடிய கழுவத் தெரியுது, மாட்டத் தெரியல."

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். மகளுக்குப் போன் போட நம்பரை அழுத்தினார், சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்தார்.