மாமா திட்டு வாங்கப் போனது

என் மாமா சினிமாவுக்குச் சிரிப்புப் பாட்டு எழுதுகிறவர். குடிகாரப் புருஷனைப் பெண்டாட்டி வெளுத்து வாங்குகிற பாட்டு ஒன்றை இப்போதும் கல்யாண வீடுகளில் போட்டு ஆடுகிறார்களே, அது அவருடையதுதான். "உங்க மாமாவுக்கு எங்கேர்ந்துதான் இதெல்லாம் வருதோ!" என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. நானும் சிரித்து வைப்பேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அத்தையின் அடுப்படியிலிருந்து வந்தது.

சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வேலையாட்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளில், எங்கள் வீடும் மாமா வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் தாளிக்கிற கடுகு இந்தப் பக்கம் வெடிக்கும். அம்மாவும் அத்தையும் கொழுந்து கிள்ளப் போவார்கள். மாமாவுக்கு ஃபேக்டரியில் வேலை. ஆனால் அவருடைய உயிரெல்லாம் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்குப் போடும் சிரிப்பு நாடகத்தில்தான். அதற்குப் பாட்டுக் கட்டுவது அவர்.

அவர் பாட்டுக் கட்டுகிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். வேண்டுமென்றே திட்டு வாங்குவார். குடையைத் தொலைப்பார், ரேஷன் அரிசியை மழையில் நனைய விடுவார். அத்தை வாயைத் திறந்தால் போதும், தாளம் தப்பாமல் வரும். "பால் வாங்கப் போன மனுஷன் பசுவுக்குப் பாட்டுக் கட்டிட்டு வெறும் தூக்கோட வந்து நிக்கிறீகளே, பச்சப்புள்ளைக்கு உங்க பாட்டையா காய்ச்சிக் குடுக்க?" என்பாள். பச்சப்புள்ளை என்றது என்னைத்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே கேட்பார். அத்தை மூச்சு வாங்குகிற இடத்தில் வாயாலேயே தவில் மாதிரி ஒரு உருட்டு உருட்டுவார். முடிந்ததும், "அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா சொல்லு தாயி" என்று கெஞ்சுவார். அகப்பை பறந்து வரும். பிறகு அத்தையே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு பெரிய மனுஷன் திட்டுக்காக இப்படி ஏங்குவானா என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். நானும் ஒரு நாள் பால் தூக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். முதுகில் ரெண்டு விழுந்ததே தவிர பாட்டு ஒன்றும் வரவில்லை.

அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒரு ஆள் சேலை கட்டிக்கொண்டு மேடையில் வந்து, அத்தையின் திட்டு முழுவதையும் அத்தையின் குரலிலேயே பாடினான். பக்கத்து ஊர் சின்னக்கானலிலிருந்து வந்திருந்தவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். நான் அவள் மடியில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு ஒரே பெருமை. மறுவாரம் கொழுந்து எடை போடுகிற இடத்தில் பெண்கள், "என்னக்கா, இன்னிக்கிப் பாட்டக் காய்ச்சியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசரும் ஒரு நாள் கேட்டார். அன்று சாயங்காலமே அத்தை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோபம் தணிந்து வந்துவிடுவாள் என்றார் மாமா. வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் கிடந்தது. மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா அது வர வேண்டும்? நாடகம் பார்த்த யாரோ சொல்லி, சினிமாவிலிருந்து அவருக்கு ஒரு மெட்டு வந்தது. பெண்டாட்டி புருஷனைத் திட்டுகிற பாட்டு எழுத வேண்டுமாம். வாழ்க்கையில் ஒரு தடவை வருகிற சான்ஸ். மாமா அந்த மெட்டைச் செல்போனில் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தார். அப்போது ஒரு வரி வரவில்லை.

"பாட்டு கெடக்கட்டும்டா. போயி அவளக் கூட்டிட்டு வா" என்றாள் அம்மா.

"ரெண்டும் ஒண்ணுதாங்க்கா. அவ திட்டிட்டான்னா வந்துருவா" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். என்ன ஏற்பாடு என்கிறீர்கள்! சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். என்னைத் தலை சீவ வேண்டாம் என்றார். மாமியார் வீட்டுக்கு ஒரு பழம்கூட வாங்கவில்லை. "இதப் பாத்தாலே ஆரம்பிச்சுருவா பாரு. நீ ஒரு வார்த்த விடாம மனசுல வச்சுக்கிடணும்" என்றார். போடிமெட்டு வளைவுகளில் பஸ் இறங்க இறங்க நான் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காதையும் தீட்டி வைத்துக்கொண்டேன்.

அத்தை வாசலுக்கு வந்தாள். "வாங்க" என்றாள்.

உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். கடைக்கு ஆள் அனுப்பி எங்களுக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னாள். மாமா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் பார்த்தாள். கலர் வந்ததும் கிளாஸில் ஊற்றி நீட்டினாள்.

"அவசரத்துல வெறுங்கையோட வந்துட்டேன்" என்றார் மாமா.

"அதுனால என்ன, இருக்கட்டும்."

மாமா கலரைத் தரையில் கொட்டினார். வேண்டுமென்றேதான், நான் பார்த்தேன். அத்தை துணி கொண்டுவந்து துடைத்துவிட்டு, வேறு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள்.

"சினிமாவுக்கு ஒரு பாட்டுக் கேட்டிருக்காக" என்றார் மாமா.

"நல்லது. நல்லா எழுதுங்க" என்றாள் அத்தை.

என்னைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, எண்ணெய் வைத்துத் தலை சீவிப் பின்னிவிட்டாள். அதற்கும் திட்டில்லை. கிளம்பும்போது தெருமுனை வரை வந்து, "பாத்துப் போங்க" என்றாள். பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தார். முழங்காலில் தாளம் போடவில்லை. எனக்கு அது விளங்கவே இல்லை. இவ்வளவு மரியாதை நடந்திருக்கிறது, மனுஷன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கிறாரே!

வீடு வந்ததும் மாமா நேரே எங்கள் வீட்டு உள் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நாற்காலி, கலர், பின்னல், ஒன்று விடவில்லை.

"ஒரு வார்த்தகூடவா திட்டல?" என்றாள் அம்மா.

"இல்லம்மா! அத்தைக்குக் கோபமே இல்லம்மா!"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப அவ வரமாட்டாடி" என்றாள். கண் கலங்கிப் போயிருந்தது.

நான் சொன்னது அம்மா காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். இன்னொரு தடவை, உள்ளே படுத்திருக்கிற மாமாவும் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று, சத்தமாகவே சொன்னேன்.