அலறல் அக்காவுக்குக் கிடைத்த ஒரு வரி

தோடுகளைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, வெந்நீர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்று அலறுகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைப் பிடுங்கிப் போடுகிறார். அலறியவரோ, "கொஞ்சம் நீளமாப் போச்சோ தம்பி? வேணும்னா குறைச்சுக்கலாம்" என்கிறார், துணிக்கடையில் அளவு சொல்வதுபோல.

டப்பிங் ஸ்டூடியோவில் அவருக்கு அலறல் அக்கா என்றே பெயர். கதாநாயகி பயந்து வாயைத் திறந்தால் சத்தம் இவருடையது. வசனம் பேச வேறொரு பெண் வருவாள். மாடியிலிருந்து விழுகிற அலறல், கழுத்து நெரிபடுகிற அலறல் என்று வகைவகையாக வைத்திருக்கிறார். வீட்டில் பல்லியைப் பார்த்தால் மட்டும் சத்தமே வராது. பேசாமல் நாற்காலிமேல் ஏறி நின்றுவிடுவார்.

"இருக்கிற பயத்தையெல்லாம் இங்கயே கொட்டிட்டுப் போயிடறேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். ஒரு கனவு கினவு கிடையாது" என்பார்.

ஒரே ஒரு குறை உண்டு. ஒருமுறை சினிமா பார்க்கப் போன அவருடைய கணவர், பக்கத்து சீட்டுக்காரரிடம் "இது எம் பொண்டாட்டி குரல்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "யாரு கத்தினாலும் இப்படித்தான் சார் இருக்கும்" என்று அந்த ஆள் சொல்லிவிட, மனிதர் முகம் சுண்டிப்போய் வீடு வந்தார். ஒரு வரி, ஒரே ஒரு வரி பேசிவிடவேண்டும் என்று அன்றிலிருந்து அக்காவுக்கு ஏக்கம்.

அது இந்தப் படத்தில் கிடைத்தது. எது கனவு, எது நிஜம் என்று பிரித்தறிய முடியாமல் தவிக்கும் ஒரு பெண்ணின் கதை. அலறியடித்து எழுவாள், எழுந்ததும் இன்னொரு கனவாக இருக்கும், மறுபடியும் அலறுவாள். அக்காவுக்குக் கேட்கவா வேண்டும், கொண்டாட்டம்தான். கடைசியில் அவள் உண்மையாகவே விழித்து, அதையும் நம்பமுடியாமல், "இப்போ நான் முழிச்சுதானே இருக்கேன்?" என்று கேட்கவேண்டும். அலறின குரலே இதையும் பேசட்டும் என்றார் இளம் இயக்குநர்.

அக்கா பேசினார். பஸ் போய்விட்டதா என்று விசாரிப்பதுபோல இருந்தது. திரும்பத் திரும்பப் பேசினாலும் அதே பஸ்தான்.

"சாப்பிட்டுட்டு வாங்கக்கா. அப்பவும் வரலைன்னா வசனம் பேசற பொண்ணையே கூப்பிட்டுக்கலாம்" என்றார் இயக்குநர். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டைப் பேருக்குக் கொறித்துவிட்டு மூலை சோபாவில் சாய்ந்தவர், அப்படியே தூங்கிப்போனார்.

எழுந்ததும் கைப்பையை மாட்டிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார். "வரேன் சார். வரேன் தம்பி."

"எங்கக்கா கிளம்பிட்டீங்க? வசனம்?" என்றார் இயக்குநர்.

"அதான் பேசிட்டேனே! பிரமாதம்னு நீங்க கை தட்டலையா?"

"நான் எங்கக்கா தட்டினேன்? நீங்க இப்பதானே எழுந்திரிச்சீங்க!"

அக்கா சோபாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், இயக்குநர் முகத்தைப் பார்த்தார். கனவே வராதவருக்குக் கைதட்டலோடு ஒன்று வந்துவிட்டுப் போயிருக்கிறது. இதுவாவது நிஜம்தானா என்று கதவைத் தொட்டுப் பார்த்தார். இயக்குநர் துள்ளி எழுந்தார்.

"மூஞ்சி கழுவாதீங்கக்கா! அப்படியே மைக் முன்னாடி வாங்க!"

இந்தமுறை அக்கா அந்த வரியை மெல்லத்தான் கேட்டார். ஒலிப்பதிவாளர், "ஆமாக்கா" என்று பதில் சொல்ல வாயெடுத்துவிட்டார்.

தன் அலறலை ஒருநாளும் திரும்பக் கேட்காதவர், இதை மட்டும் போட்டுக் காட்டச் சொன்னார். கணவருக்கு போன் போட்டு, "பேசாம கேளுங்க" என்று சொல்லி, போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். வரி ஓடி முடிகிறவரை, இன்னொரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.