சூசை அண்ணாச்சி சொன்ன வாடை

சூசை அண்ணாச்சி இறந்துவிட்டார்.

காலையில் அவர் நம்பரிலிருந்துதான் போன் வந்தது. கிண்டல் பண்ணத்தான் கூப்பிடுகிறார் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். பேசியது அவர் மகள்... நேற்று சாயங்காலம் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, பயம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி தூத்துக்குடியில் வள்ளம் ஓட்டியவர். நான் நாசரேத் பக்கம் ஒரு ஸ்கூலில் தமிழ் டீச்சர். கடலைத் தூரத்தில் நின்று பார்த்தே பழக்கம்.

பத்துப் பதினொரு வருடம் இருக்கும். என் மகள் ஷைனிக்கு அப்போது ஏழு வயது. ஸ்கூல் வாசலில் ஒரு கார் இடித்து, கால் எலும்பு முறிந்து, மூன்று மாதம் கட்டோடு கிடந்தாள். அதற்குப் பிறகு ஹாரன் சத்தம் கேட்டாலே என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள்.

அரையாண்டு லீவுக்கு ஸ்டாஃப் ரூமில் டூர் பேச்சு வந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று. கார் இல்லாத ஊர் ஏதாவது இருக்கிறதா?

"ஊர் இல்ல, தீவு இருக்கு. செலவும் கம்மி" என்றார் கூட வேலை பார்க்கும் ஜெபா டீச்சர். கட்டுச்சோறு, பஸ், அண்ணாச்சியின் வள்ளம்... டீச்சர்கள், எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான் பட்ஜெட். பெரிய போட் வேண்டாம் என்று கைதூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

தீவின் பேர் வேண்டாம். இப்போது அங்கே யாரையும் விடுவதில்லை. அப்போது மட்டும் விட்டார்களா என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

மணல், முள்மரம், உடைந்த சிப்பி. ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஷைனி என் கையை உதறிவிட்டு ஓடினாள்... ஆக்சிடெண்டுக்குப் பிறகு அவள் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் அண்ணாச்சி வந்து நின்றார். "டீச்சர், வாடை வருது. வெரசா கெளம்புங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து மூக்கை வைத்தேன்.

"நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி" என்று நிமிர்ந்தால் அவர் வள்ளத்தைத் தயார் பண்ணப் போய்விட்டிருந்தார். நாங்கள் ஒவ்வொரு டிபன் பாக்ஸாக முகர்ந்து, எது கெட்டுப்போனது என்று பட்டிமன்றமே நடத்தினோம்.

அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன செய்யுதிய டீச்சர்? நான் சோத்தச் சொல்லல, காத்தச் சொன்னேன்!"

வாடை. வடக்கே இருந்து வரும் காற்று. கொண்டல், கோடை, தென்றல், வாடை என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான்.

அதற்குள் கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துவிட்டது. இந்தக் காற்றில் எல்லோரையும் ஒன்றாக ஏற்ற முடியாது, ரெண்டு நடை என்றார் அண்ணாச்சி. பிள்ளைகளும் ஜெபா டீச்சரும் முதலில்.

ஷைனி என் சேலையை விடவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்து, லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, தூக்கிக் கொடுத்தேன்.

"உன்னைய எறக்கிட்டு அம்மாவக் கூட்டிட்டு வாரேன் பாப்பா" என்றார் அவளிடம்.

வள்ளம் ஒரு அலையில் ஏறியது தெரிந்தது. இறங்கியது தெரிந்தது. அப்புறம் தெரியவே இல்லை.

போனில் சிக்னல் இல்லை. கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர வாயில் ஜெபமும் வரவில்லை. ரோட்டுக்குப் பயந்து பிள்ளையைக் கடலில் கொண்டு விட்டேனே... பெரிய போட் வேண்டாம் என்றேனே... அரைமணி நேரம் சோற்றை முகர்ந்தேனே...

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வள்ளம் வந்தது. அதில் அண்ணாச்சி மட்டும் இருந்தார். கையைத் தூக்கி எதையோ ஆட்டினார்... ஷைனியின் சிவப்பு ரிப்பன்.

நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடி அவர் சட்டையைப் பிடித்தேன். "எம்புள்ள எங்க?"

அவர் மிரண்டுபோனார். "கரையில நிக்கா டீச்சர்... டீக்கடையில பன்னு திங்கா. நீங்க பயந்துகிட்டு இருப்பியன்னுதான்... அவளேதான் அவுத்துக் குடுத்தா, அம்மாட்ட காட்டுங்கன்னு."

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. இத யோசிக்காம ஆட்டிட்டேனே..." என்று கரை சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

அதற்குப் பிறகு தூத்துக்குடி போனால் அவரைப் பார்க்காமல் வந்ததில்லை. எனக்கு மீன் எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு மீனையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, "டீச்சர், வாடை வருதான்னு பாருங்க" என்பார். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது, நாங்கள் ரெண்டு பேரும் சிரிப்போம்.

ரிப்பனைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை.

ஷைனி இப்போது ஸ்கூட்டியில் காலேஜ் போகிறாள். அவள் வண்டி சத்தம் வாசலில் கேட்கும்வரை எனக்கு இன்றும் அதே மணல், அதே உட்கார்ந்த இடம்தான்.

செய்தி சொன்னதும் அவள் பீரோவைத் திறந்து ரிப்பனை எடுத்தாள். தன் பையில் வைத்துக்கொண்டாள். அடக்கம் சாயங்காலம். ரெண்டு பேரும் பஸ்ஸில் போகிறோம்.

கிளம்புவதற்கு முன் மாடிக்குப் போய், சேலைத் தலைப்பை விட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வந்தேன்.

வாடை இல்ல அண்ணாச்சி... பாத்துப் போங்க.